க்விக்கிரிட்: கிரிட்வியூவோடு காலம் தள்ளியவனின் விமர்சனம்

டேட்டாபேஸில் இருப்பதை வலைப்பக்கத்தில் அட்டவணையாகக் காட்டுகிற கருவியைத்தான் கிரிட் என்கிறோம். காசு கேட்காத கிரிட் என்று பார்த்தால் மைக்ரோசாஃப்டின் க்விக்கிரிட் நல்ல சாமான். பட்டியல் காட்டணும், பக்கம் பக்கமாகப் பிரிக்கணும், தலைப்பைத் தட்டினால் ஏறுவரிசை இறங்குவரிசை மாறணும், இவ்வளவுதான் தேவை என்றால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளலாம். அந்த வரியிலேயே கிளிக் செய்து திருத்தணும், ஃபில்டர் பெட்டி தானாக முளைக்கணும், எக்செலுக்கு இறக்கணும் என்றால் மிச்சத்தை நீங்களே உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கும். ஆனால் வசதிகளை அடுக்கிக்காட்ட நான் இதை எழுதவில்லை. டேட்டாபேஸில் இருப்பதைத் திரையில் கொண்டுவந்து ஒட்டுகிற எந்தக் கருவியாக இருந்தாலும் அதனிடம் நான் கேட்பது ஒன்றுதான்: நீ டேட்டாபேஸிடம் எப்போது போய் நிற்கிறாய், போனால் எத்தனை வரியை அள்ளிக்கொண்டு வருகிறாய்? இதற்கு நேராகப் பதில் சொல்கிற கருவி நல்லது, மழுப்புகிற கருவி ஆபத்து. க்விக்கிரிட் பாதி நேராகச் சொல்கிறது. மீதிப் பாதியில்தான் இந்த விமர்சனமே இருக்கிறது.

இதை ஓட்டிப் பார்த்த இடம் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் ஒரு மொத்த விலைக் காகிதக் கடை. கடைப் பெயர் வேண்டாம். கீழே கவுன்ட்டர், இரண்டு தெரு தள்ளி குடோன். ஸ்டாக், ரேட், பார்ட்டி பாக்கி எல்லாம் ஒரு பழைய வெப் ஃபார்ம்ஸ் (மைக்ரோசாஃப்டின் பழைய வலைப்பக்க முறை) அப்ளிகேஷனில் ஓடுகிறது. முன்னால் யாரோ எழுதிவிட்டுப் போனது, இப்போது மெயின்டனென்ஸ் என் தலையில். மேப்லித்தோ, ஆர்ட் பேப்பர், போர்டு, ஒவ்வொன்றிலும் பல ஜிஎஸ்எம் (காகிதத்தின் கனத்தைச் சொல்லும் எடை அளவு), பல சைஸ், பல மில் என்று ஐட்டம் பட்டியல் மட்டுமே பல ஆயிரம் வரி. அதனால் கிரிட் ஒன்றை நிஜமாகச் சோதித்துப் பார்க்க நல்ல இடம்.

முதலில் பழைய ஆளான கிரிட்வியூவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதியதை அளக்க அதுதான் என்னிடம் இருக்கிற அளவுகோல். வெப் ஃபார்ம்ஸின் கிரிட்டான கிரிட்வியூவும், அதற்கு டேட்டாபேஸிலிருந்து தரவை எடுத்துக் கொடுக்கிற எஸ்கியூஎல்டேட்டாசோர்ஸும் 2005 நவம்பரில் ஏஎஸ்பி டாட்நெட் 2.0 கூடவே வந்தவை. அதற்கு முந்தைய டேட்டாகிரிட்டில் பக்கம் மாற்றுவதற்கும் வரிசை மாற்றுவதற்கும் தனித்தனியாக ஈவென்ட் எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு, டேட்டாசோர்ஸ்ஐடி என்று ஒரு பெயரைக் கொடுத்தால் போதும், மிச்சம் தானாக நடக்கும் என்பது பெரிய விஷயமாகத்தான் இருந்திருக்கும். இன்றைக்கும் நான் அதைக் கிண்டல் செய்ய மாட்டேன். டிசைனரில் இழுத்துப் போட்டு, செலக்ட் எழுதி, அப்டேட் எழுதி, எடிட் பட்டனை ஆன் செய்தால் பக்கம் ரெடி.

அந்தத் ‘தானாக’வில்தான் சிக்கல். கிரிட்வியூ ஒரு பக்கத்துக்கு 10 வரி காட்டும், அதுதான் அதன் இயல்பு அளவு. ஆனால் எஸ்கியூஎல்டேட்டாசோர்ஸ் அதன் இயல்பான டேட்டாசெட் முறையில் இருந்தால் அந்த 10 வரிக்காக முழு டேபிளையும் சர்வர் மெமரிக்கு இழுத்துவந்து, பத்தை மட்டும் எடுத்துக் காட்டிவிட்டு, மிச்சத்தைத் தூக்கிப் போடும். இரண்டாம் பக்கத்தைத் தட்டினால் திரும்பவும் முழு டேபிள். ஐட்டம் குறைவாக இருந்த காலத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. டேபிள் பெருத்ததும் ‘கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்கு தம்பி’ என்று கவுன்ட்டரிலிருந்து போன் வர ஆரம்பிக்கிறது. ஆப்ஜெக்ட்டேட்டாசோர்ஸ் வைத்து ஆரம்ப வரி எண், எத்தனை வரி என்ற இரண்டையும் நம் மெத்தடுக்கே வாங்கிக்கொண்டால் இதைத் தவிர்க்கலாம், வழி இல்லாமல் இல்லை. ஆனால் சுலபமான வழி தப்பான வழியாக இருந்தால் எல்லாரும் தப்பான வழியில்தான் போவார்கள்.

அதைவிட மோசமான ஒன்று நடந்தது. கவுன்ட்டரில் இருப்பவர் 130 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர் வரியில் எடிட் தட்டினார், ரேட்டை மாற்றப் போகும்போது போன் வந்தது, பேசிக்கொண்டிருந்தார். அதற்குள் குடோன் ஆள் தன் திரையில் அதே ஐட்டத்துக்கு வந்திறங்கிய ரீமைச் சேர்த்து ஸ்டாக்கை மாற்றி சேவ் செய்துவிட்டார். கவுன்ட்டர்காரர் போனை வைத்துவிட்டு ரேட்டை மட்டும் திருத்தி அப்டேட் தட்டினார். ஸ்டாக் பழைய எண்ணுக்குத் திரும்பிவிட்டது! அவர் ஸ்டாக் பெட்டியைத் தொடவே இல்லை. ஆனால் அப்டேட் கட்டளையில் எல்லா காலமும் (column) இருந்ததால், எடிட் தட்டிய நேரத்தில் திரையில் இருந்த பழைய ஸ்டாக்கும் சேர்ந்தே போய் உட்கார்ந்துவிட்டது. கான்ஃப்ளிக்ட்டிடெக்‌ஷன் என்ற ப்ராப்பர்ட்டியின் இயல்பு மதிப்பு ஓவர்ரைட்சேஞ்சஸ், அதாவது கடைசியாக வந்தவர் வைத்ததுதான் சட்டம். கம்பேர்ஆல்வேல்யூஸ் என்று மாற்றி பழைய மதிப்புகளையும் வேர் (WHERE) கண்டிஷனில் வைத்தால் தடுக்கலாம். அந்தப் பக்கத்தை எழுதியவர் மாற்றியிருக்கவில்லை. மாற்றச் சொல்லி எந்தத் திரையும் அவரைக் கேட்கவும் இல்லை. குடோன் ஆளுக்கும் கவுன்ட்டருக்கும் அன்றைக்கு நடந்த சண்டையை நான் எழுதப் போவதில்லை.

சரி, புதியவருக்கு வருவோம். க்விக்கிரிட் என்பது பிளேசருக்காக (சி ஷார்ப்பிலேயே வலைப்பக்கம் எழுதுகிற புது முறை) மைக்ரோசாஃப்டே கொடுக்கிற கிரிட் கம்போனென்ட். டாட்நெட் 7 காலத்தில் பரிசோதனையாக வெளிவந்து, 2023 நவம்பரில் டாட்நெட் 8 வந்தபோது முறைப்படி சேர்ந்தது. ஓப்பன் சோர்ஸ், எம்ஐடி உரிமம். இதை உருவாக்கியவர் ஸ்டீவ் சாண்டர்சன். 2010ல் நாக்அவுட் ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தை எழுதியவரும் அவரே, பிளேசரின் முதல் மாதிரியை 2017ல் காட்டியவரும் அவரே. டேட்டா பைண்டிங்கோடு (தரவையும் திரையையும் இணைத்துக் கட்டுவது) இவ்வளவு காலம் மல்லுக்கட்டிய ஒருவர் செய்தது என்பது பயன்படுத்தும்போது தெரிகிறது, தேவையில்லாத மூட்டை எதுவும் அதன் தலையில் இல்லை.

ஆரம்பிப்பது சுலபம். நுகெட்டில் (டாட்நெட் பேக்கேஜ்களின் கிடங்கு) இருந்து பேக்கேஜைச் சேர்த்து, ஐட்டம்ஸ் என்ற இடத்தில் ஒரு ஐகியூரியபிளை (இன்னும் ஓடாத, தேவைப்படும்போது ஓடுகிற குவெரி) கொடுத்து, உள்ளே ப்ராப்பர்ட்டிகாலம் என்று ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு வரி எழுதினால் பட்டியல் வந்துவிடும். கிரிட்வியூவில் காலம் பெயரை ஸ்ட்ரிங்காக எழுத வேண்டும். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் பில்ட் பேசாமல் போய்விடும், பக்கத்தைத் திறக்கும்போதுதான் வெடிக்கும். இங்கே லாம்டாவாக, அதாவது கம்பைலர் சரிபார்க்கிற சின்ன ஃபங்ஷனாக எழுதுவதால் டைப் செய்யும்போதே சிவப்புக் கோடு. இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு இதைப் பிடித்திருக்கிறது. நியாயமாகச் சொன்னால் வெப் ஃபார்ம்ஸிலும் 2012ல் 4.5 பதிப்போடு ஐட்டம்டைப் என்று ஒன்றைக் கொடுத்தார்கள். அதற்குள் இங்கே பலரும் எம்விசி என்ற அடுத்த முறைக்குப் போய்விட்டார்கள், கவனித்தவர்கள் குறைவு.

புதிதாக வருபவர்கள் முட்டிக்கொள்கிற முதல் இடம்: டாட்நெட் 8க்குப் பிறகு பிளேசர் பக்கங்கள், ரெண்டர்மோட் (பக்கம் எப்படி இயங்க வேண்டும் என்ற அமைப்பு) எதுவும் சொல்லாவிட்டால், வெறும் எச்டிஎம்எல்லாகத்தான் வரும். கிரிட் அழகாக வந்து நிற்கும், தலைப்பைத் தட்டினால் ஒன்றும் ஆகாது, பக்கம் மாறாது, எர்ரரும் வராது. இன்டராக்டிவ்சர்வர் என்று ரெண்டர்மோடைக் கொடுத்ததும் உயிர் வரும். இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை வாசகம் காட்டியிருந்தால் எத்தனையோ பேரின் பின்மாலைப் பொழுது மிஞ்சியிருக்கும்.

இன்னொரு இடத்தில் இதற்கு நேர்மாறாக நன்றாக நடந்துகொள்கிறது. என்டிட்டி ஃபிரேம்வொர்க் (சி ஷார்ப்பில் எழுதுவதை டேட்டாபேஸ் கட்டளையாக மாற்றுகிற நூலகம்) குவெரியை நேரடியாகக் கொடுத்துவிட்டு அதற்கான அடாப்டர் பேக்கேஜைச் சேர்க்க மறந்தால், சத்தமில்லாமல் மோசமாக ஓடாது, எர்ரர் போட்டு நிறுத்தி, இதைச் சேர் என்று சொல்கிறது. எனக்குப் பிடித்த குணம் இது. தப்பான வழியில் போக விடாமல் கதவைச் சாத்துகிறது.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். எப்போது கேட்கிறாய், எத்தனை கேட்கிறாய்?

எத்தனை என்பதற்குப் பதில் நேராக இருக்கிறது. என்டிட்டி ஃபிரேம்வொர்க்கின் டேட்டாபேஸ் கமாண்ட் லாகை இன்ஃபர்மேஷன் அளவில் திறந்து வைத்துவிட்டு, கிரிட்டில் அடுத்த பக்கத்தைத் தட்டிப் பாருங்கள். கன்சோலில் இரண்டு குவெரி வரும். முதலில் ஒரு கவுன்ட், மொத்தம் எத்தனை வரி என்று. அடுத்தது ஆஃப்செட் இத்தனை, ஃபெட்ச் நெக்ஸ்ட் இத்தனை என்று முடிகிற செலக்ட். அந்தப் பக்கத்துக்கு வேண்டிய வரிகள் மட்டும்தான் வருகின்றன, அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை. கிரிட்வியூவின் முழு டேபிள் பழக்கத்தைப் பார்த்துச் சலித்தவனுக்கு இந்த லாகைப் பார்ப்பதே ஒரு நிம்மதி. கவுன்ட் ஒவ்வொரு முறையும் ஓடுகிறது என்பது பெரிய டேபிளில் உறுத்தலாம். அப்போது ஐட்டம்ஸை விட்டுவிட்டு ஐட்டம்ஸ்ப்ரொவைடர் என்ற வழியில் போகலாம். ஆரம்ப எண், எத்தனை வேண்டும், எந்தக் காலத்தில் வரிசை, நடுவில் கைவிடுவதற்கான டோக்கன் எல்லாம் நம் மெத்தடுக்கு வந்துவிடும். நாமே குவெரி எழுதி வரிகளையும் மொத்த எண்ணிக்கையையும் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: இயல்பான ஒரு வரிசையை ஆர்டர்பையில் கொடுக்காமல் பக்கம் பிரித்தால் ஒரே ஐட்டம் இரண்டு பக்கத்தில் வரலாம், ஒன்று எங்கேயுமே வராமலும் போகலாம். இது க்விக்கிரிட்டின் குற்றம் இல்லை, ஆர்டர்பை இல்லாத குவெரிக்கு எந்த வரிசையையும் எஸ்கியூஎல் சர்வர் உறுதி சொல்வதில்லை.

எப்போது என்பதற்குத்தான் மழுப்பல். க்விக்கிரிட் டேட்டாபேஸிடம் மறுபடி போகலாமா வேண்டாமா என்பதை, ஐட்டம்ஸில் இருக்கிற ஆப்ஜெக்ட் போன தடவை இருந்த அதே ஆப்ஜெக்ட்தானா என்று பார்த்து முடிவு செய்கிறது. மதிப்பைப் பார்ப்பதில்லை, அதே ஆள்தானா என்று மட்டும் பார்க்கிறது. இதன் விளைவு இரண்டு பக்கமும் வெட்டும். மார்க்அப்பிலேயே வேர் கண்டிஷனோடு குவெரியை எழுதினால், அல்லது கெட் மட்டும் உள்ள ப்ராப்பர்ட்டியாக வைத்தால், ஒவ்வொரு ரெண்டருக்கும் புது ஐகியூரியபிள் பிறக்கும். புது ஆள் வந்திருக்கிறார் என்று நினைத்து கிரிட் மறுபடி கவுன்ட், மறுபடி செலக்ட் என்று ஓடும். அதே பக்கத்தில் கிரிட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு செக்பாக்ஸைத் தட்டினாலும் லாகில் இரண்டு குவெரி. யாரும் கேட்கவில்லை, அதுவே போய்விட்டு வருகிறது. மாறாக, குவெரியை ஒருமுறை ஃபீல்டில் போட்டு வைத்துவிட்டால் குடோனில் ஸ்டாக் மாறினாலும் கிரிட்டுக்குத் தெரியாது, அதே ஆள்தானே என்று பேசாமல் இருக்கும். அப்போது ரெஃப்ரெஷ்டேட்டாஅசிங்க் என்ற மெத்தடை நாம் கூப்பிட வேண்டும்.

என் பரிந்துரை: குவெரியை ஃபீல்டில் வையுங்கள், ஃபில்டர் மாறுகிற இடத்தில் மட்டும் புதிதாக ஒதுக்குங்கள், சேவ் ஆனதும் ரெஃப்ரெஷைக் கூப்பிடுங்கள். அப்போது எப்போது போகிறது என்பது உங்கள் கையில் இருக்கும், லாகும் சுத்தமாக இருக்கும். ப்ராப்பர்ட்டியாக எழுதுவது பார்க்க அழகு, ஃபில்டர் தானாக வேலை செய்கிற மாதிரி இருக்கும், இணையத்தில் கிடைக்கிற பல மாதிரிகளும் அப்படித்தான் இருக்கின்றன. மெமரியில் இருக்கிற சின்னப் பட்டியலுக்கு அது போதும், டேட்டாபேஸுக்கு அது ஆகாது.

தேடல் பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பைண்ட் என்று மட்டும் எழுதினால் பெட்டியை விட்டு வெளியே வந்த பிறகுதான் மதிப்பு மாறும். ஆன்இன்புட் ஈவென்ட்டுக்கு மாற்றினால் ஒவ்வொரு எழுத்துக்கும் மாறும். கடையில் டைப் செய்யச் செய்யப் பட்டியல் சுருங்குவதைத்தான் கேட்பார்கள், கொடுத்தால் ‘மேப்லித்தோ’ என்று அடித்து முடிப்பதற்குள் அத்தனை எழுத்துக்கும் இரண்டிரண்டு குவெரி போயிருக்கும். இடையில் சின்னத் தாமதம் வைக்கிற வசதி இந்த பைண்டிங்கில் இல்லை, டைமர் வைத்து நாமே எழுத வேண்டும். அது போதாதென்று டிபிகான்டெக்ஸ்டை (என்டிட்டி ஃபிரேம்வொர்க் டேட்டாபேஸோடு பேசுகிற ஆப்ஜெக்ட்) அப்படியே இன்ஜெக்ட் செய்திருந்தால், கிரிட்டின் குவெரி முடிவதற்குள் அதே பக்கத்தில் சேவ் மாதிரி இன்னொரு வேலை ஆரம்பித்தால், ஒரே கான்டெக்ஸ்டில் இரண்டு வேலை என்று எக்ஸெப்ஷன் வரும். பிளேசர் சர்வரில் ஒரு ஸ்கோப் என்பது அந்த ஆள் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கும் நேரம் முழுக்க. டிபிகான்டெக்ஸ்ட் ஃபேக்டரி வைத்து வேலைக்கு ஒன்றாக உருவாக்குவதுதான் சரி, கிரிட்டுக்குத் தனி, சேவுக்குத் தனி.

வரிசைப்படுத்துவதில் நம்மூர்ப் பிரச்சினை ஒன்று. பார்ட்டி பெயர்கள் சில தமிழில், சில ஆங்கிலத்தில். ஐட்டம்ஸில் டேட்டாபேஸ் குவெரி இருந்தால் வரிசையை முடிவு செய்வது எஸ்கியூஎல் சர்வரின் கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிடும் விதி). அதே தரவை ஒரு லிஸ்ட்டில் வாங்கி ஐகியூரியபிளாக்கிக் கொடுத்தால் முடிவு செய்வது டாட்நெட்டின் கல்ச்சர் (நாடு, மொழிக்கேற்ற அமைப்பு). இரண்டு பக்கத்தில் ஒரே பட்டியல் வேறு வேறு வரிசையில் வந்தால் கணக்கு எழுதுபவர் சும்மா விடமாட்டார், ‘இதுல முருகன் மேல இருக்காரு, அதுல கீழ இருக்காரு’ என்பார். ஒரே வழியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய டேபிளில் பெயர் வார்சாராக (யூனிகோட் இல்லாத எழுத்து வகை) இருந்தால் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாகத்தான் கிடக்கும், அதை யூனிகோட் வகையான என்வார்சாராக மாற்றாமல் எந்த கிரிட் போட்டாலும் பிரயோஜனமில்லை.

தொகையைக் காட்டுவது நன்றாக இருக்கிறது. ப்ராப்பர்ட்டிகாலத்தில் ஃபார்மட் என்று என்2 கொடுத்து, அப்ளிகேஷனின் கல்ச்சரை இந்தியாவுக்கு வைத்தால் 12,34,567.00 என்று லட்சக் கணக்கில் கமா விழுகிறது. கல்ச்சரை மாற்றாவிட்டால் 1,234,567.00 என்று வரும், கடைக்காரர் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு ‘இது என்ன தம்பி, மில்லியனா?’ என்று கேட்பார். எச்எஸ்என் நம்பரை (ஜிஎஸ்டிக்கான சரக்குக் குறியீடு) எண்ணாக வைத்து அதே ஃபார்மட்டைப் போட்டுவிடாதீர்கள், 4802 என்பது 4,802.00 ஆகிவிடும். ஸ்ட்ரிங்காகவே இருக்கட்டும்.

திருத்துவதுதான் பெரிய ஓட்டை. கிரிட்வியூவில் ஒரு ப்ராப்பர்ட்டியை ட்ரூ ஆக்கினால் வந்துவிடுகிற எடிட், அப்டேட், கேன்சல் எதுவும் இங்கே கிடையாது. டெம்ப்ளேட்காலம் எடுத்து, உள்ளே இன்புட் வைத்து, அந்த வரியின் ஆப்ஜெக்ட்டோடு பைண்ட் செய்து, சேவ் பட்டன், கேன்சல் பட்டன், எந்த வரி எடிட்டில் இருக்கிறது என்ற குறிப்பு எல்லாம் நம் பொறுப்பு. இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. இன்புட்டை நேராக என்டிட்டி ஆப்ஜெக்ட்டோடு பைண்ட் செய்தால், கவுன்ட்டர்காரர் ரேட்டை அடித்துவிட்டு கேன்சல் தட்டினாலும் ஆப்ஜெக்ட்டில் புது ரேட்தான் இருக்கும். டேட்டாபேஸில் பழையது, திரையில் புதியது. அந்த கான்டெக்ஸ்ட் உயிரோடு இருந்து, பிறகு வேறு ஏதோ ஒன்றுக்காக சேவ் ஆனால் கேன்சல் செய்த ரேட்டும் சேர்ந்து போய்விடும். எடிட் தட்டியதும் ஒரு நகல் எடுத்து, நகலோடு பைண்ட் செய்து, சேவ் தட்டினால் மட்டும் உண்மையானதில் ஏற்றுங்கள்.

ஏற்றும்போதும் கவனம். டேட்டாபேஸிலிருந்து அந்த வரியைப் புதிதாக எடுத்து, ரேட்டை மட்டும் மாற்றி, சேவ்சேஞ்சஸ் கூப்பிட்டால் என்டிட்டி ஃபிரேம்வொர்க் மாறிய காலத்தை மட்டும் அப்டேட் செய்கிறது. மேலே சொன்ன 130 ஜிஎஸ்எம் சண்டை வராது. ஆனால் நகலை அப்படியே அப்டேட் மெத்தடுக்குள் தள்ளினால் எல்லாக் காலமும் மாறியதாகவே கருதப்படும், பழைய கிரிட்வியூ செய்த அதே வேலையைப் புது மொழியில் செய்வீர்கள். டேபிளில் ரோவெர்ஷன் (வரி மாறும்போதெல்லாம் தானாக மாறும் மதிப்பு) காலம் ஒன்றைச் சேர்த்து, திரையில் பார்த்த ரோவெர்ஷனையே ஒப்பிடச் சொல்லிவிட்டால், நடுவில் வேறு யாராவது மாற்றியிருந்தால் சேவ் ஆகாமல் எக்ஸெப்ஷன் வரும். ‘இதை இப்போதுதான் குடோனில் மாற்றியிருக்கிறார்கள், ஒருமுறை பார்த்துவிட்டுச் சேமியுங்கள்’ என்று ஒரு வரி காட்டிவிடலாம். கருவி புதிது என்பதால் மட்டும் இந்தத் தலைவலி தீராது.

வர்ச்சுவலைஸ் என்று ஒன்று இருக்கிறது, பக்கம் பிரிக்காமல் ஸ்க்ரோல் செய்யச் செய்ய வரிகளைக் கொண்டுவருவது. வேகம் நன்றாக இருக்கிறது. எல்லா வரிக்கும் ஒரே உயரம் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நீளமான ஐட்டம் பெயர் இரண்டு வரியாக மடிந்தால் ஸ்க்ரோல் குதிக்க ஆரம்பிக்கும். அதோடு, எடிட்டில் இருக்கிற வரி மேலே போய்த் திரும்பி வந்தால் புதிதாக எடுத்த வரியாக வரலாம், அடித்தது போய்விடும். பார்ப்பதற்கு மட்டும் உள்ள பட்டியலுக்கு நல்லது. கடையில் எப்படியும் பக்க எண்தான் வேண்டும் என்றார்கள், ‘மூணாவது பக்கத்துல நாலாவது’ என்று போனில் சொல்லிக்கொள்ள வசதியாம். நியாயம்தான்.

வரிக்கு நிறம் கொடுப்பது (பாக்கி தாண்டினால் சிவப்பு, ஸ்டாக் தீர்ந்தால் மங்கல்) ரொம்ப நாள் இல்லாமல் இருந்தது. டாட்நெட் 10ல் ரோகிளாஸ் என்று கொடுத்துவிட்டார்கள்.

இனி நெட். இன்டராக்டிவ்சர்வர் முறையில் ஒவ்வொரு தட்டலும் சிக்னல்ஆர் என்ற, திறந்தே இருக்கும் இணைப்பு வழியாக சர்வருக்குப் போய் வருகிறது. மழைக்காலத்தில் பாரிமுனையில் பிராட்பேண்ட் போய், போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறி, திரும்பி வந்து என்று ஆடும்போது திரை மங்கி, மறுபடி இணைக்கிறேன் என்று நிற்கும். துண்டிப்பு நீண்டால் சர்வர் அந்த ஆளுடைய நிலையை 3 நிமிடம் வைத்திருக்கும், அதுதான் இயல்பு அளவு, அதற்குப் பிறகு பக்கத்தைப் புதிதாகத்தான் திறக்க வேண்டும், பாதி அடித்த பில் போச்சு. பழைய வெப் ஃபார்ம்ஸைத் திட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: வியூஸ்டேட் என்ற அந்தப் பெருத்த மறைவுப் பெட்டி பக்கத்தோடேயே பயணித்ததால் நெட் போய் வந்தாலும் பக்கம் தன் நிலையை மறக்காது. டாட்நெட் 10ல் துண்டிக்கப்பட்ட நிலையைச் சேமித்து வைத்து மீட்கிற வசதி வந்திருக்கிறது. சர்வர் கடைக்குள்ளேயே இருந்து, எல்லாரும் லேனில் (LAN, உள் நெட்வொர்க்) இருந்தால் இந்தக் கவலையே வேண்டாம். பிரவுசருக்குள்ளேயே ஓடுகிற வெப்அசெம்ப்ளி முறைக்கும் போகலாம், ஆனால் அப்போது டேட்டாபேஸை நேராகத் தொட முடியாது, நடுவில் ஏபிஐ எழுத வேண்டும், கிரிட்டுக்கு ஐட்டம்ஸ்ப்ரொவைடர்தான் ஏற்ற வழி.

மாற்று என்ன? எடிட், ஃபில்டர், எக்செல் எல்லாம் ரெடியாக வேண்டும் என்றால் சென்னையிலேயே பெரிய அலுவலகம் வைத்திருக்கிற சின்க்ஃப்யூஷனின் கிரிட்டைப் பாருங்கள், ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலருக்குக் கீழும் டெவலப்பர்கள் 5 பேருக்குள்ளும் இருக்கிற சின்ன நிறுவனங்களுக்குக் கம்யூனிட்டி உரிமம் இலவசம், மற்ற நிபந்தனைகளைப் படித்துவிட்டு எடுங்கள். மட்பிளேசர் எம்ஐடி உரிமத்தில் கிடைக்கிறது, அதன் டேட்டாகிரிட்டில் வரியிலேயே திருத்தலாம். ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களான வியூ (Vue), ரியாக்ட் பக்கம் கை பழகியவர்கள் இதற்காக பிளேசருக்கு வர வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் சி ஷார்ப் தெரிந்த ஒற்றை ஆள், ஒரு கடை, ஒரு எஸ்கியூஎல் சர்வர் என்ற என் நிலையில் இருப்பவர்களுக்கு க்விக்கிரிட்தான் சிக்கனம்.

இன்னொன்று, அவசரம் வேண்டாம். வெப் ஃபார்ம்ஸ் டாட்நெட் கோருக்கு, அதாவது புதிய டாட்நெட்டுக்கு, வரவே இல்லை, வரப்போவதும் இல்லை. ஆனால் டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.8 விண்டோஸோடு ஒட்டிக்கொண்டு பராமரிப்பில் இருக்கிறது. புதியது என்று ஓடிவந்த டாட்நெட் 8க்கோ 2026 நவம்பரோடு ஆதரவு முடிகிறது. இன்று தொடங்குகிறவர்கள் நேராக 10ல் தொடங்குங்கள்.

மொத்தமாக இடித்துவிட்டுக் கட்டவும் தேவையில்லை. முன்னால் ஒய்ஏஆர்பி ப்ராக்சி வைத்து, மாற்றிய பக்கங்களைப் புதிய அப்ளிகேஷனுக்கும் மாற்றாதவற்றைப் பழையதற்கும் அனுப்பலாம். ஐட்டம் பட்டியல், பார்ட்டி பாக்கி, தினசரி விற்பனை என்று பார்க்க மட்டும் உள்ள பக்கங்கள் முதலில் போகட்டும், வேகம் உடனே தெரியும். ரேட் திருத்துவது அடுத்து, ரோவெர்ஷன் சேர்த்த பிறகு. பில் போடும் பக்கத்தை நான் இன்னும் கிரிட்வியூவிலேயே விட்டு வைத்திருக்கிறேன், தீபாவளி காலண்டர், டைரி ஆர்டரெல்லாம் ஓய்ந்த பிறகுதான் அதைத் தொடுவதாகக் கடைக்காரரோடு பேச்சு.